பழைய பெட்ரோல் ஜீப்: காற்று இழுக்கிறதா, டைமிங் தவறியதா? நான்கு சோதனைகளில் எதை முதலில் எடுப்பது

ஐடிலில் வண்டி குலுங்குகிறது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறும்போது சூளகிரி மேட்டில் இழுவை இல்லை. பட்டறையில் ஒருவர் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) என்கிறார், இன்னொருவர் மெனிஃபோல்டில் (கார்பரேட்டரிலிருந்து சிலிண்டருக்குக் கலவை போகும் பாதை) ஏர் இழுக்கிறது என்கிறார். வண்டிக்காரருக்கு வரும் கேள்வி இதுதான்: டைமிங் லைட் (பொறியோடு சேர்ந்து மின்னும் விளக்கு) வாங்கலாமா, வேக்குவம் கேஜ் (மெனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் மீட்டர்) போதுமா, ஒரு சின்ன பல்பை வைத்தே பார்த்துவிடலாமா, பழைய மெக்கானிக்கின் காதை நம்பி விட்டுவிடலாமா?

பாயிண்ட் (பொறியை உண்டாக்கத் திறந்து மூடும் தொடுமுனை), கண்டென்சர், கார்பரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் ஜீப், வேன், பிக்கப் ஆகியவற்றுக்கே இந்த ஒப்பீடு பொருந்தும். டீசல் வண்டியில் பிளக்கில் பொறி கிடையாது, ஆகவே இக்னிஷன் டைமிங்கும் கிடையாது. அங்கே டைமிங் என்றால் ஃபியூவல் பம்ப் டைமிங். பிரேக் பூஸ்டருக்கான வேக்குவத்தையும் தனி பம்ப் தருகிறது, பல வண்டிகளில் அது ஆல்டர்நேட்டரின் பின்னாலேயே இருக்கும். கீழே சொல்லும் அளவுகளை டீசலில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

## இரண்டு கோளாறும் ஒன்றுபோல் தெரிவது ஏன்

எந்தக் கருவியை எடுப்பது என்ற முடிவு இதைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

கார்பரேட்டர் அடி கேஸ்கெட் வழியாகவோ வெடித்த ஹோஸ் வழியாகவோ கள்ளக்காற்று உள்ளே போனால் கலவை மெலிகிறது. மெலிந்த கலவை மெதுவாக எரியும். பொறி சரியான நேரத்தில் விழுந்தாலும் எரிந்து முடிய நேரமாகிறது, அதனால் என்ஜினுக்கு டைமிங் பின்தங்கியது போலவே இருக்கும். இந்த நிலையில் டிஸ்ட்ரிபியூட்டரை (ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பங்கிடும் பாகம்) கொஞ்சம் அட்வான்ஸ் பக்கம், அதாவது பொறி முன்னதாக விழும்படி, திருப்பினால் ஐடில் சீராகிவிடும். வேலை முடிந்தது என்று வண்டியைக் கொடுத்துவிடுவார்கள்.

கெடுதல் பிறகு வருகிறது. ஐடிலில் த்ராட்டில் (ஆக்சிலேட்டர் திறக்கும் காற்றுத் தட்டு) மூடியிருப்பதால் மெனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம், கள்ளக்காற்றின் பங்கும் அதிகம். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் த்ராட்டில் திறந்து உறிஞ்சல் விழுந்துவிடும், ஓட்டை இருப்பதே தெரியாது. ஆனால் ஓட்டையை மறைக்கத் திருப்பிவைத்த அதிகப்படி அட்வான்ஸ் அப்படியே இருக்கிறது. லோடு ஏற்றிய வண்டியின் என்ஜின் மேட்டில் இடிக்கும், இதுதான் நாக்கிங். நாக்கிங் சத்தத்தோடு நாலு நடை போனால் ஹெட் கேஸ்கெட்டோ பிஸ்டனோ போகும். இருபது ரூபாய் ஹோஸில் தொடங்கியது என்ஜின் பிரிக்கிற வேலையில் போய் முடிகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. டைமிங் பின்தங்கிய என்ஜின் ஐடிலில் நிற்க வேண்டுமானால் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி த்ராட்டிலை அதிகம் திறந்துவைக்க வேண்டியிருக்கும். அப்போது வேக்குவம் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து லீக் என்று கேஸ்கெட் கேஸ்கெட்டாக மாற்றுவார்கள். அதற்குள் தாமதமாக எரியும் வாயு எக்ஸாஸ்ட் வால்வைச் சுட்டுக்கொண்டிருக்கும், ரேடியேட்டரும் கொதிக்கும்.

கையில் எந்தக் கருவியும் இல்லாதபோதே ஒரு தோராயப் பிரிப்பு செய்யலாம். ஐடிலில் மட்டும் குலுங்கி, வேகம் ஏறியதும் தெளிந்து, மேட்டிலும் நன்றாக இழுத்தால் லீக் அல்லது ஐடில் கலவை. ஐடிலில் அமைதி, மேட்டில் சோர்வு, சூடு ஏறுகிறது என்றால் பின்தங்கிய டைமிங் அல்லது சிக்கிக்கொண்ட அட்வான்ஸ். மேட்டில் இடித்து, சூடான என்ஜினை ஸ்டார்ட்டர் திணறித் திணறிச் சுற்றினால் அதிக அட்வான்ஸ்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், அந்தச் சோதனை லீக்கையும் டைமிங்கையும் பிரித்துக் காட்டுகிறதா என்பது. இரண்டாவது, ஐடிலைத் தாண்டி நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நடப்பதையும் சொல்கிறதா. மூன்றாவது, சோதனை தவறான பதில் தந்தால் என்ன உடையும். நான்காவது, பணமும் நேரமும். ஐந்தாவது, பாலக்கோட்டுச் சந்தையிலோ அஞ்செட்டி சாலையிலோ வண்டி நின்றுபோனால் ஓரத்தில் நிறுத்திச் செய்ய முடியுமா. நம் ஊர்களில் இந்த ஐந்தாவது சிறிய விஷயமில்லை. ஆனாலும் மூன்றாவதற்குத்தான் நாங்கள் அதிக எடை கொடுக்கிறோம்.

## நான்குக்கும் பொதுவான முன்வேலை

பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யாமல் டைமிங் பார்ப்பது வீண். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங் அட்வான்ஸ் ஆகிறது. பாயிண்டின் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் தானாகவே பின்னுக்குப் போகிறது. ஆகவே முதலில் பாயிண்ட், பிறகு டைமிங், கடைசியில் ஐடிலும் கலவையும். இந்த வரிசையை மாற்றினால் முன்பு செய்த வேலை கலைந்துவிடும்.

வில்லீஸ் வழிவந்த எஃப்-134 ஹரிக்கேன் 2.2 லிட்டர் என்ஜினுக்கு பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது 0.5 மி.மீ. பிளக் இடைவெளி 0.030 அங்குலம், ஏறக்குறைய 0.75 மி.மீ. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. டைமிங் டி.டி.சி.க்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) 5 டிகிரி முன். மற்ற வண்டிகளுக்கு அந்தந்த மேனுவலின் எண்ணையே எடுங்கள். ஜீப்பின் எண்ணை வேனில் வைக்கக் கூடாது.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றியதும் ரோட்டாரை அது சுற்றும் திசையில் விரலால் திருப்பி விடுங்கள். ஸ்ப்ரிங் இழுத்து உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் நின்றால் உள்ளே அட்வான்ஸ் எடைகள் (வேகம் ஏற ஏறப் பொறியை முன்னுக்குக் கொண்டுவருபவை) சிக்கியிருக்கின்றன. கிரானைட் குவாரிப் பக்கம் ஓடும் வண்டிகளில் தூசியும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து இப்படி இறுகிவிடும். பிறகு ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது, எந்தக் கருவி வைத்தாலும் டைமிங் ஓரிடத்தில் நிற்காது.

## காது

காதில் இரண்டு முறை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம்.

முதல் முறையில், வண்டி நின்றபடியே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி எங்கே ஐடில் அதிகம் ஏறுகிறதோ அங்கே இறுக்குவார்கள். இது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வோம். சும்மா சுற்றும் என்ஜின் தேவைக்கு மேற்பட்ட அட்வான்ஸையும் விரும்பி ஏற்கும். லீக் இருந்தால் இன்னும் அதிகமாகக் கேட்கும். லோடு ஏறியதும் தொல்லை தொடங்கும்.

இரண்டாவது முறை சாலையில் செய்வது, இதற்கு மதிப்பு உண்டு. என்ஜின் நன்றாகச் சூடானதும் சமதளத்தில் டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். மெல்லிய டிக் டிக் சத்தம் ஓரிரு நொடி வந்து மறைந்தால் டைமிங் எல்லைக்குள் இருக்கிறது. தொடர்ந்து இடித்தால் டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டார் சுற்றும் திசையிலேயே ஒரு நூலளவு திருப்பிப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

செலவு எதுவும் இல்லை. எந்த ஓரத்திலும் செய்யலாம். ஆனால் லீக்கை இது சொல்லாது. கார்பன் படிந்த என்ஜினும் இடிக்கும், மெலிந்த கலவையும் இடிக்கும், அதையெல்லாம் டைமிங் என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வால்வு சத்தத்தையும் நாக்கிங்கையும் பிரித்துக் கேட்கத் தெரிந்த காது எல்லோருக்கும் அமையாது. எனவே மற்ற சோதனைகளை முடித்த பிறகு கடைசிச் சரிபார்ப்பாக மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

ஜீப்பை ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அட்வான்ஸ் அதிகமானால் ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைக்கும். கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலாக இழுங்கள். சுற்றிப் பிடித்தால் கட்டை விரலோ மணிக்கட்டோ முறியும்.

## பல்பு

பாயிண்ட் வைத்த வண்டிக்கு இவ்வளவு மலிவான, நம்பகமான சோதனை வேறில்லை. ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு, இரண்டு வயர், இரண்டு கிளிப் போதும். 6 வோல்ட் வண்டிக்கு அதற்கேற்ற பல்பு.

ஒன்றாம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் விரலை வையுங்கள். ஹேண்டிலால் என்ஜினைச் சுற்றும்போது காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். அப்படியே மெதுவாகக் கொண்டுபோய் டைமிங் குறியில் நிறுத்துங்கள். குறியைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் மட்டும் பின்னுக்கு வராதீர்கள். கியர் அல்லது செயினின் தளர்வு அளவைக் கெடுத்துவிடும். கால் சுற்று பின்னே போய் மறுபடி முன்னோக்கியே வர வேண்டும். ரோட்டார் ஒன்றாம் வயரைப் பார்த்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகும் முனைக்கும் பாடிக்கும் இடையே பல்பை மாட்டி சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது, திறந்தால் எரியும். கிளாம்பைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டார் சுற்றும் திசையில் பல்பு அணையும் வரை திருப்புங்கள். பிறகு எதிர்த்திசையில் மிக மெதுவாகத் திருப்பி, பல்பு எரியும் அந்த நொடியில் நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கிய பின் என்ஜினைச் சுற்றிவந்து, குறி சேரும் இடத்திலேயே பல்பு எரிகிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது. கிளாம்பை இறுக்கும்போது உடல் கொஞ்சம் நகர்வது அடிக்கடி நடக்கும். சாவியை வெகுநேரம் போட்டுவைத்தால் காயில் சூடாகிக் கெடும்.

புல்லியில் டிகிரி அளவு இல்லையென்றால் நூல் சுற்றி அதன் சுற்றளவை அளந்து 360-ஆல் வகுங்கள். சுற்றளவு 540 மி.மீ. என்றால் ஒரு டிகிரிக்கு 1.5 மி.மீ., 5 டிகிரிக்கு 7.5 மி.மீ.

பல்பு சொல்வது நிற்கும் என்ஜினின் டைமிங்கை மட்டும். ஓடும்போது அட்வான்ஸ் வருகிறதா என்று அதற்குத் தெரியாது, லீக்கைப் பற்றியும் எதுவும் சொல்லாது. ஆனால் லீக் அதை ஏமாற்றவும் முடியாது. என்ஜின் ஓடாத நேரத்தில் எடுத்த அளவு என்பதால் கள்ளக்காற்றுக்கு அங்கே வேலையில்லை. எலக்ட்ரானிக் மாட்யூல் மாட்டிய வண்டியில் மட்டும் இது பயன்படாது.

## வேக்குவம் கேஜ்

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். மலிவான கேஜே போதும், ஊசியின் நடத்தைதான் முக்கியம்.

கேஜை த்ராட்டிலுக்குக் கீழே, மெனிஃபோல்டு பக்கம் மாட்ட வேண்டும். பிரேக் பூஸ்டர் ஹோஸில் ஒரு டி வைத்து மாட்டலாம். வேக்குவம் வைப்பர் உள்ள பழைய ஜீப்பில் அந்தக் குழாயின் மெனிஃபோல்டு முனையில் மாட்டலாம். ஐடிலில் ஊசி பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் என்ஜினைக் குறை சொல்வதற்கு முன், த்ராட்டிலுக்கு மேலுள்ள முனையில் மாட்டிவிட்டோமா என்று பாருங்கள்.

அடுத்து நம் ஊரின் உயரம். பல மேனுவல்களும் கடல் மட்டத்தில் நல்ல என்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்ட வேண்டும் என்று போட்டிருக்கும். ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஏறத்தாழ 1,500 அடியில் இருக்கின்றன, ஓசூர் 3,000 அடியை ஒட்டி. ஆகவே தர்மபுரியில் 15.5 முதல் 19.5 வரை, ஓசூரில் 14 முதல் 18 வரை நல்ல அளவு. கிருஷ்ணகிரியில் 17 காட்டிய என்ஜின் ஓசூரில் 15.5 காட்டினால் அது கோளாறே இல்லை. இது தெரியாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 17-ஐ எட்டவைப்பவர் அதிக அட்வான்ஸோடு வண்டியை இறக்குகிறார். சில கேஜ்களில் அளவு செ.மீ.யில் இருக்கும், 18 அங்குலம் ஏறக்குறைய 46 செ.மீ.

என்ஜினைச் சூடாக்கி ஐடிலில் வைத்து ஊசியைப் படியுங்கள்.

| ஊசி | பெரும்பாலும் காரணம் |
|---|---|
| அசையாமல் நல்ல அளவில் | லீக் இல்லை, டைமிங் அருகில்தான் |
| அசையாமல் 3, 4 அங்குலம் குறைவு | பின்தங்கிய டைமிங் அல்லது சிறு லீக் |
| அசையாமல் மிகக் குறைவு | கார்பரேட்டர் அடியில் பெரிய லீக், அல்லது வால்வு டைமிங் தவறியது |
| மெதுவாக மேலும் கீழும் மிதக்கிறது | ஐடில் கலவை |
| ஒரே இடைவெளியில் சற்று விழுகிறது | ஒரு வால்வு சுட்டது, அல்லது ஒரு பிளக் மிஸ்ஸிங் |
| ஒரே இடைவெளியில் பெரிதாக விழுகிறது | அடுத்தடுத்த இரு சிலிண்டருக்கு இடையே ஹெட் கேஸ்கெட் |
| ஐடிலில் படபடப்பு, வேகத்தில் அடங்குகிறது | வால்வு கைடு தேய்மானம் |
| வேகம் ஏற ஏற ஆட்டம் விரிகிறது | வால்வு ஸ்ப்ரிங் தளர்வு |
| 2,500 சுற்றில் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது | சைலன்சர் அடைப்பு |

நம் கேள்வி இரண்டாவது வரிசையில் இருக்கிறது. அங்கே லீக்கும் டைமிங்கும் ஒரே முகத்தோடு நிற்கின்றன. பிரிப்பதற்கு முதலில் ஹோஸ்களை ஒவ்வொன்றாக பிளையரால் துணி வைத்து நெரியுங்கள்: பூஸ்டர், வேக்குவம் அட்வான்ஸ், கிராங்க்கேஸ் காற்றுக் குழாய், வைப்பர். எதை நெரித்தால் ஊசி ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறுகிறதோ, குற்றவாளி அந்தப் பாதையில் இருக்கிறது. கிராங்க்கேஸ் குழாயை நெரித்தால் நல்ல வண்டியிலும் ஊசி கொஞ்சம் ஏறும், அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஐடில் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்துங்கள். த்ராட்டில் மூடிய பிறகும் என்ஜின் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் காற்று வேறு வழியில் போகிறது. கலவை ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் என்ஜின் கண்டுகொள்ளவில்லை என்றாலும் அதே சந்தேகம்தான்.

இவை எல்லாம் தேறிய பிறகே டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடலாம். இரண்டு மூன்று டிகிரி அட்வான்ஸ் செய்ததும் ஊசி ஏறி நல்ல அளவில் அசையாமல் நின்றால் டைமிங் பின்தங்கியிருந்தது உண்மை. அவ்வளவு திருப்பியும் ஏறவில்லை என்றால் வால்வு டைமிங்கைப் பாருங்கள். டைமிங் பெல்ட் வைத்த சிறிய வேன்களில் பெல்ட் ஒரு பல் தாண்டினால் வால்வும் தவறும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கேம்ஷாஃப்ட்டே சுற்றும் வண்டியாக இருந்தால் அதோடு இக்னிஷனும் தவறிவிடும். அப்போது டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் திருப்புவது பாதி நோய்க்கு மருந்து.

ரிங் நிலையும் இதே கேஜில் தெரிந்துவிடும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று திறந்து மூடுங்கள். ஊசி பூஜ்யத்தை ஒட்டி விழுந்து, மூடியதும் ஐடில் அளவைவிட ஐந்தாறு அங்குலம் மேலே துள்ளித் திரும்பினால் ரிங் நன்றாக இருக்கிறது. துள்ளல் இல்லையென்றால் டைமிங்கில் நேரம் செலவழிப்பதற்கு முன் கம்ப்ரஷன் பாருங்கள்.

மறைவான செலவு ஒன்று: ஊசி அதிகபட்சம் காட்டும் இடத்தில் டைமிங் வைத்துவிடலாம் என்ற ஆசை. அதுவும் ஐடிலைக் கேட்டு வைப்பது போன்றதே. கேஜை நோய் கண்டுபிடிக்க வையுங்கள், டைமிங் வைக்கப் பல்பையோ லைட்டையோ எடுங்கள்.

## டைமிங் லைட்

மற்ற மூன்றும் சொல்லாத ஒன்றை இது சொல்லும்: ஓடும் என்ஜினில் அட்வான்ஸ் எப்படி வருகிறது என்பதை.

வேக்குவம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிடுங்கள், ஐடிலை மேனுவல் சொல்லும் சுற்றில் வையுங்கள், குறியில் சாக்பீஸ் தடவுங்கள், கிளிப்பை ஒன்றாம் பிளக் வயரில் மாட்டுங்கள். ஒளியில் குறி சரியான இடத்தில் நின்றால் அடிப்படை டைமிங் சரி. குறி நடுங்கினால் ஷாஃப்ட் புஷ்ஷோ டைமிங் செயினோ தேய்ந்திருக்கிறது. வேகத்தை 2,500 வரை மெதுவாக ஏற்றும்போது குறி சீராக நகர வேண்டும். நகராவிட்டால் எடைகள் சிக்கியுள்ளன, திடீரென்று தாவினால் ஸ்ப்ரிங் போயிருக்கிறது. பிறகு ஹோஸை மறுபடி மாட்டினால் வேக்குவம் அட்வான்ஸ் வேலை செய்கிறதா என்றும் தெரியும்.

லைட் இல்லாதவர்கள் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள வேக்குவம் அட்வான்ஸ் டப்பாவை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பார்க்கலாம். உள்ளே தட்டு நகர்ந்து, பிடி விடாமல் நிற்க வேண்டும். டயஃப்ரம் கிழிந்த டப்பா மெனிஃபோல்டில் நேராக இணைந்திருந்தால் அது லீக்கும்தான், டைமிங் கோளாறும்தான். சில பழைய ஜீப்புகளில் இந்த டப்பாவே இருக்காது, எடைகள் மட்டும் இருக்கும். அங்கே லைட்டுக்கு வேலை பாதியாகக் குறைகிறது.

விலை நான்கிலும் இதற்குத்தான் அதிகம். 6 வோல்ட் வண்டிக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். சித்திரை வெயிலில் திறந்த இடத்தில் குறி கண்ணுக்குத் தெரியாது, நிழலுக்குள் கொண்டுபோக வேண்டும். ஒளித்துடிப்பில் ஃபேன் நின்றுபோனது போலத் தோன்றும். அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. துண்டு, தொங்கும் சட்டைக் கை, வயர் எதுவும் அருகில் வேண்டாம்.

லைட் வைத்தாலும் குறியே பொய் சொல்லலாம். வேறு என்ஜினின் புல்லி மாட்டிய வண்டிகள் நிறைய உண்டு. சந்தேகம் இருந்தால் பிளக் ஓட்டையில் பிஸ்டனை நிறுத்தும் ஒரு போல்ட்டைத் திருகி, மற்ற பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கையால் மெதுவாக இருபக்கமும் சுற்றி முட்டும் இரண்டு இடங்களைப் புல்லியில் குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான டி.டி.சி.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | காது | பல்பு | வேக்குவம் கேஜ் | டைமிங் லைட் |
|---|---|---|---|---|
| லீக்கைக் காட்டுமா | இல்லை | இல்லை | ஆம் | இல்லை |
| அடிப்படை டைமிங் | தோராயம் | துல்லியம் | குறிப்பு மட்டும் | துல்லியம் |
| ஓட்டத்தில் அட்வான்ஸ் | சாலையில் ஓரளவு | இல்லை | ஓரளவு | முழுமையாக |
| வால்வு, ரிங் | இல்லை | இல்லை | ஆம் | இல்லை |
| லீக் இருந்தால் ஏமாறுமா | ஆம் | இல்லை | காட்டிக்கொடுக்கும் | பெரும்பாலும் இல்லை |
| சாலை ஓரத்தில் | முடியும் | முடியும் | முடியும் | பகலில் கடினம் |
| தவறினால் | பிஸ்டன் | சிறு இழப்பு | தேவையில்லாத கேஸ்கெட் | குறி பொய்யானால் பிஸ்டன் |

எல்லாவற்றையும் விட்டுவிட்டு எலக்ட்ரானிக் கிட் மாட்டிவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். பாயிண்ட் தேய்மானத் தொல்லை தீரும், அது நல்லதே. லீக்கும், சிக்கிய எடைகளும், புஷ் ஆட்டமும் அப்படியே இருக்கும். கோளாறைக் கண்டுபிடித்த பிறகு மாட்டுங்கள்.

## யாருக்கு எது

மலைக் கிராமத்துக்கு ஒரே ஜீப்பை ஓட்டுபவர் பல்பையும் கேஜையும் டூல் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். இரண்டும் சேர்ந்தால் லைட் இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. ஹரிக்கேன் என்ஜினில் இன்னொரு வசதி: இன்டேக் பாதை ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருப்பதால் இன்டேக் மெனிஃபோல்டு கேஸ்கெட் என்று தனியாக இல்லை. லீக் தேட வேண்டிய இடங்கள் கார்பரேட்டர் அடி, வைப்பர் குழாய், கிராங்க்கேஸ் வால்வு, த்ராட்டில் ஷாஃப்ட் என்று சுருங்கிவிடும்.

மாங்காய் சீசனில் லோடு அடிக்கும் வேனில் வேக்குவம் அட்வான்ஸ் உண்டு, ஐடிலில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இழுவையும் மைலேஜும் குறைகிறது என்றால் லைட்டுக்குச் செலவிடலாம். இல்லையென்றால் லைட் வைத்திருக்கும் பட்டறையில் ஒரு முறை பார்த்துவிடலாம். கேஸ் மாட்டிய வேனுக்கும் லைட்தான் ஏற்றது. கேஸுக்கும் பெட்ரோலுக்கும் வேண்டிய அட்வான்ஸ் ஒன்றல்ல, காதால் இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது கடினம்.

பழைய வண்டியை வாங்கப் போகிறவருக்கு கேஜ் ஒன்றே போதும். பத்து நிமிடத்தில் ரிங், வால்வு, கேஸ்கெட் மூன்றின் கதையும் தெரிந்துவிடும்.

## லீக் உறுதியானால்

பெட்ரோலைத் தெளித்துத் தேடுவது சில இடங்களில் வழக்கம். சூடான எக்ஸாஸ்டின் பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது. ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் போதும்: கேஸ்கெட் விளிம்பில் மெல்லத் தெளியுங்கள், உறிஞ்சும் சத்தம் மாறும், ஊசி அசையும். கேப், காயில் மேல் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். த்ராட்டில் ஷாஃப்டின் இரு முனையிலும் கட்டாயம் பாருங்கள். தூசிப் பாதையில் ஓடிய கார்பரேட்டரில் அந்த ஓட்டை முட்டைபோல் நீண்டிருக்கும். கேஸ்கெட் எத்தனை மாற்றினாலும் அது அடைபடாது, புஷ் போட வேண்டும்.

ஹோஸ் மாற்றும்போது வேக்குவத்துக்கென்று வரும் கனமான ரப்பர் ஹோஸையே வாங்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இளகி உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையைச் சற்று மெலிய வைக்கிறது, பழைய ரப்பரையும் டயஃப்ரத்தையும் சீக்கிரம் கெடுக்கிறது. லீக் எங்கும் இல்லாமல் மெலிவு மட்டும் தெரிந்தால் கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள்.

பூஸ்டர் ஹோஸில் லீக் இருந்தால் இது என்ஜின் பிரச்சினை மட்டும் அல்ல. என்ஜினை நிறுத்தி பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்து, மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் போய்ச் சேரவில்லை. அந்த வண்டியைத் தொப்பூர் இறக்கத்தில் இறக்காதீர்கள். பூஸ்டர் நன்றாக இருந்தாலும், பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை அணைத்தால் இரண்டு மூன்று மிதிப்புக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

லீக்கை அடைத்ததும் ஐடில் தானாகவே ஏறும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு ஐடிலை மட்டும் குறைத்து வண்டியை எடுத்துவிடுகிறார்கள். லீக்கை மறைக்க யாரோ முன்பு திருப்பிவைத்த அட்வான்ஸ் இன்னும் அங்கேயே இருக்கலாம். பல்பை மாட்டி டைமிங்கை மறுபடி வையுங்கள், பிறகு ஐடில், அதன்பின் கலவை. வழக்கமான லோடோடு ஒரு மேடு ஏற்றிப் பாருங்கள். இடித்தால் இரண்டு டிகிரி பின்னுக்கு எடுத்து அதே மேட்டை மறுபடி ஏற்றுங்கள்.